இரண்டாம் வாசிப்பு

அவளுக்கு அலுவலகத்தில் பெயர் எண்ணியக்கா. வேலையே எண்ணுவதுதான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவளும் உதறவில்லை. இருபத்தோரு வருஷமாக மீன் எலும்பில் வளையம் எண்ணுகிறாள். மரத்தை அறுத்தால் வருஷத்துக்கு ஒன்றாக வளையம் தெரிகிறதல்லவா, மீனின் முதுகுத்தண்டிலும் அப்படித்தான். திருக்கைக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்துதான், ஆனாலும் அந்தக் குருத்து கணக்காக வளையம் போட்டு வைத்திருக்கும். அதைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இத்தனை வயது என்று சொல்வாள்.

அறை எப்போதும் இருட்டு. ஜன்னலுக்கு இரண்டு மடிப்புக் கறுப்புத் துணி, நட்டநடுப் பகலிலும் உள்ளே போனால் கதவுப்பிடி தட்டுப்படாது. ஒரு ஸ்டூல், ஒரு மேசை, ஒற்றைக் குழாய் வைத்த பழைய மைக்ராஸ்கோப். வலது கண்ணை அதில் வைத்தால் மத்தியானம்தான் எடுப்பாள். காற்றில் ஃபார்மலின் நெடி இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைவிட அந்த நிசப்தம்தான் ஆகாது. தணிக்கைக்கு வந்த ஒருத்தர் பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, "உள்ள இன்னொருத்தர் இருக்காங்களா?" என்று கேட்டாராம். யாரும் இல்லை என்று சொன்னதும் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எண்ணிய எண்ணை ஒருத்தி சொன்னால் போதாது. அதே தகட்டை வேறு ஊரில் இருக்கும் வேறொருத்தர் எண்ண வேண்டும். அவருக்கு இவள் போட்ட எண் தெரியக்கூடாது. மீன் பெரிதா சின்னதா, ஆணா பெண்ணா, எதுவும் இரண்டு பேருக்கும் தெரியக்கூடாது. இருவரும் பேசிக்கொள்ளவே கூடாது. தாளில் பெயர்கூடக் கிடையாது, இவள் வாசிப்பவர் ஒன்று, அந்த ஆள் வாசிப்பவர் இரண்டு. எண் ஒத்துப்போகாத தகடுகளை மூன்றாம் தடவை பார்ப்பார்கள். ஒரு வாசிப்பு வாசிப்பே அல்ல என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இருபத்தோரு வருஷம் இப்படியே போனது. அந்த ஆளின் கையெழுத்து மட்டும் அவளுக்கு அத்துப்படி. ஏழு போட்டால் நடுவில் ஒரு கோடு இழுக்கும் கை அது. குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதில் பெரும்பாலும் "விளிம்பு தெளிவில்லை" என்றிருக்கும். ஒரே ஒரு முறை மட்டும் "இந்தத் தகடு என்னை முறைக்கிறது" என்று இருந்தது. அக்கா அன்றைக்கு முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர், வாயும் கத்திரியும் ஒரே வேகத்தில் ஓடும் மனுஷர். "உன் ரெண்டாவது புருஷன் கடுதாசி போட்டானா?" என்று கேட்பார். "போட்டாரு, உங்களைவிட ஒழுங்கா எழுதுறாரு" என்பாள் இவள்.

எழுத்து மட்டுமில்லை, எண்ணிலும் அந்த ஆள் கெட்டி. வயதான மீனின் கடைசி வளையம் விளிம்போடு ஒட்டி மயிரிழையாக நிற்கும். இவள் அதைத் தவறவிடுவாள், அங்கிருந்து ஒன்று கூடுதலாக வரும். மூன்றாம் தடவை பார்த்தால் பாதிக்கு மேல் அந்த ஆள் சொன்னதே சரி. இவளுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள் என்றால் அந்த ஒன்று கூடுதலால்தான்.

திருக்கை வேலை வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். விரிகுடாவின் மணலில் புதைந்து கிடக்கும் ஒரு சாதித் திருக்கை, வலையில் அகப்பட்டு அகப்பட்டுக் கிட்டத்தட்டத் துடைத்தாற்போல் அழிந்துபோயிருந்தது. முட்டை போட்டுவிட்டு ஓடும் மீன் இல்லை இது. தாய் வயிற்றுக்குள்ளேயே குட்டியை வைத்துக்கொண்டு, கருப்பைச் சுவரிலிருந்து பால் மாதிரி ஒன்றைச் சுரந்து ஊட்டும். ஒரு ஈத்துக்கு ஒன்று, தப்பித் தவறி இரண்டு. அவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை மனுஷன் ஒரே இழுப்பில் வாரிக்கொண்டு வருகிறான். அதனால் ஆறு வருஷத்துக்கு முன்பே குடாவில் வலையைத் தடுத்துவிட்டார்கள். அந்த முதல் வருஷம் பிறந்த குட்டிகள் வளர்ந்து, ஒரு முறையாவது பெற்றெடுக்கும் வரை தடை இருக்கும் என்று பேச்சு. எத்தனை வருஷம் என்பதைச் சொல்ல வேண்டியது எண்ணியக்காவின் அறை.

முதல் முறை குட்டி போடும் தலையீத்துத் திருக்கைகளின் வயது ஆறு என்றாள் அவள். வாசிப்பவர் இரண்டும் ஆறு என்றது. ஆறு என்று எழுதிக் கொடுத்தார்கள். வருகிற வியாழக்கிழமை விடிகாலையில் குடா திறக்கிறது என்று அறிவிப்பும் ஒட்டியாயிற்று.

அதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, கடைசிக் கட்டுத் தகடுகளின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நூற்றுப்பதினேழாம் வரிசையில் அவள் கை நின்றது. பதினொன்று என்று தானே எழுதியிருந்தாள். எண்ணி முடித்த பிறகு மட்டும் திறக்கும் நீளப் பட்டியலைத் திறந்து பார்த்தால் அது அப்போதுதான் பிறந்த குட்டியின் தகடு, குட்டியே உள்ளங்கை அகலம்தான். பதினொரு வயதா? தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வரிசை தள்ளி எழுதியிருக்கிறாள், அங்கிருந்து எட்டு வரிசை வரைக்கும் தப்பு. வலது கண் கொஞ்ச நாளாக மசமசவென்று இருந்தது, வீட்டில் ஊசிக்கு நூல் கோக்க முடியாமல் தையல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள், அதனால் வந்த வினை.

பிறகு இரண்டாம் தாளைப் பார்த்தாள். நூற்றுப்பதினேழு, பன்னிரண்டு. குறிப்பு, "விளிம்பு தெளிவில்லை."

தகட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பிறந்த அன்று விழும் ஒரே ஒரு வளையம், தாயின் பால் நின்று தானாக இரை தேடத் தொடங்கிய அடையாளம். அதைத் தவிர அந்தக் குருத்தில் வெறும் வெள்ளை. பன்னிரண்டு வளையத்தை எந்தக் கண்ணும் இதில் பார்த்திருக்க முடியாது. அடுத்த வரிசை, அதற்கடுத்தது, எட்டும் அப்படியே. அவள் எங்கே வழுக்கினாளோ, இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கும் அந்த ஆளும் அங்கேயே, அதே வரிசையில், வழுக்கியிருந்தார். ஏழு வந்த இடத்தில் நடுக்கோடு அழகாக இருந்தது.

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தாள். அறையில் தன் மூச்சு கேட்டது. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், அப்படியும் ஏதோ கேட்பதுபோலத்தான் இருந்தது. எழுந்து கறுப்புத் துணியை முழுக்க விலக்கினாள். அந்த ஜன்னலில் வெயில் வந்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

சட்டத்தை முதல் முறையாக மீறினாள். பெட்டி அனுப்பும் முகவரிப் பட்டியலில் எண் இருந்தது. போனை எடுத்தது ஒரு பெண் குரல்.

"வாசிப்பவர் இரண்டுகிட்ட பேசணும்" என்றாள் அக்கா. பெயர் தெரியாதே, வேறெப்படிக் கேட்பாள்.

"யாரு? வளையம் எண்ணுவாங்களே, அவங்களா?" என்றது அந்தக் குரல். "அவங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுதேம்மா. உங்களுக்குக் கடிதம் போட்டோமே."

"அவங்க… பொம்பளையா?"

"ஆமாம்மா. உங்க வயசுதான் இருக்கும். ஏன்?"

"இப்ப பெட்டியெல்லாம் யாரு பாக்குறாங்க?"

"பெட்டியே எதுவும் வர்றதில்லையே. அவங்க மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டு வச்சிருக்கோம். யாரும் தொடல."

அவள் வீட்டுக்கு வந்தாள். தையல்காரர் வழக்கம்போல இரண்டாவது புருஷனை விசாரித்தார். "அது புருஷன் இல்ல, செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள். பாவம், மனுஷர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு விழித்தார். முகம் பார்க்காத ஒருத்திக்காக அப்படி அழுவாள் என்று அவளே நினைக்கவில்லை. அழுகையோடு பயமும் இருந்தது. செத்தவள் இரண்டு வருஷமாகப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தாள் அனுப்பிக்கொண்டிருந்தாள் என்றால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது?

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக, திரும்பி வந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த வேறொரு பெட்டியைத் தேடி எடுத்தாள். தகடுகளை அடுக்கி, மூடி, நூல் சுற்றி அவள்தான் முடிச்சுப் போடுவாள். தையல்காரர் பொத்தானுக்குப் போடும் முடிச்சு அது, வேறு யாருக்கும் வராது. வெட்டித்தான் பிரிக்க வேண்டும். பெட்டியில் இருந்தது அதே முடிச்சு. போனபடியே வந்திருந்தது. போகவே இல்லை.

பெட்டிகளை அனுப்பி வாங்குகிறவருக்கும் பெயர் பெட்டிதான். நாற்பத்தெட்டு வயது, தபால், சாவி, அலமாரி எல்லாம் அவர் பொறுப்பு. வாய் திறந்தால் மூட மாட்டார். கீழே சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்த தட்டின் முன் அவரை நிறுத்தினாள். தூசியில் பெட்டி வைத்து எடுத்த சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. பெட்டி சட்டை நுனியால் ஒரு சதுரத்தைத் துடைக்கப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"அக்கா, கடிதம் வந்தப்ப நான்தான் பிரிச்சேன்" என்றார் பெட்டி கடைசியில். "ரெண்டாவது ஆள் இல்லைன்னா உங்க அறையையே மூடிட்டு எல்லாத்தையும் வெளியில குடுத்துடுவேன்னு மேடம் ஒருதரம் சொன்னாங்க. நீங்க எங்கக்கா போவீங்க? அதான். உங்க தாளைப் பாத்து எழுதினேன். அங்கங்க ஒண்ணு கூட்டி, ஒண்ணு குறைச்சு. சந்தேகம் வரக்கூடாதுல்ல."

"அந்தக் கையெழுத்து?"

"பழைய தாள் எத்தனை இருக்கு. எழுதி எழுதிப் பழகிட்டேன்." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இப்ப என் சொந்தக் கணக்குலகூட ஏழுக்குக் கோடு விழுதுக்கா. நிறுத்த முடியல."

அவர்மேல் கோபப்படத்தான் அவள் வாயெடுத்தாள், வரவில்லை. அன்பினால் செய்த அயோக்கியத்தனத்தை என்ன சொல்லித் திட்டுவது? ஆனால் அவளை உலுக்கியது வேறு விஷயம். பெட்டி அங்கங்கே கூட்டினார், அங்கங்கே குறைத்தார், சரி. அந்தப் பெண் இருந்திருந்தால் விளிம்பைப் பார்த்து மெனக்கெட்டு ஒன்று கூட்டியிருப்பாள். இரண்டு வருஷமாக மசமசத்த ஒரே கண், விளிம்பைத் தவறவிடும் கண், அதுதான் ஆறு என்று சொல்லியிருக்கிறது. ஒருவேளை ஏழு என்றால்? முதல் வருஷக் குட்டிகள் எல்லாம் இப்போது முதல் சூலோடு குடாவில் படுத்திருக்கும். வியாழக்கிழமை வலை இறங்கும்.

அங்கேயே போனை எடுத்து அலுவலகத்துக்குத் தலைவியான மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒருவேளை"யை எப்படிச் சொல்வது என்பாள் அவள். இருபத்தோரு வருஷத்தில் சரிபார்க்காத ஒரு எண்ணை அவள் வாயால் சொன்னதில்லை. பெட்டியின் வேலை போய்விடும், தன் அறை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். முதலில் எண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்தாள்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு தகடு. வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, முதல் முறையாக இடது கண்ணைக் குழாயில் வைத்தாள். உலகம் கழுவி விட்டதுபோல இருந்தது. விளிம்பில், இத்தனை நாளும் அவள் பார்க்காத இடத்தில், மயிரிழை வளையம் நின்றது. ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை, தகடு தகடாக நின்றது. சனிக்கிழமை மாலை முதல் சுற்று முடிந்தது. தலையீத்துகளின் வயது ஏழு.

அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வாசிப்பு வாசிப்பே அல்லவே. இரண்டாவது வாசிக்க ஆள் எங்கே? தானே வாசிப்பது என்று முடிவு செய்தாள். தகடுகளைக் கலைத்து அடுக்கினாள், முதல் தாளை உறையிலிட்டு ஒட்டினாள், எண்கள் மறந்து போகட்டும் என்று ஒரு மணி நேரம் வெளியே நடந்தாள். பாருங்கள், ஊர் பற்றி எரிகிறபோதும் முறைப்படி நடக்கிற மனுஷி. புதன் மாலைக்குள் முடியும் என்று கணக்கு.

இரண்டாம் சுற்று முதல் சுற்றைப் போல இல்லை. அறையில் ஸ்டூல் ஒன்றுதான், ஆனால் இடது தோளுக்குப் பக்கத்தில் காற்று இதமாக இருந்தது, ஒருத்தி சாய்ந்து பார்ப்பதுபோல. அக்காவுக்கு முதலில் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் இருக்கட்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கட்டிடத்தில் ஆளே இல்லை, அவள் ஒரு தகட்டில் தயங்கியபோது இன்னொன்று இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி மறுபடி குனிந்து பார்த்தாள். இருந்தது. "தெரியுது, தெரியுது" என்று பதில் சொன்னாள், சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தாளைப் படித்துப் பார்த்தபோது குறிப்புக் கட்டத்தில் "விளிம்பு தெளிவில்லை" என்று ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தது. அவள் எழுதிய ஞாபகம் இல்லை. அந்த வார்த்தையை அவள் எழுதுகிறவளே இல்லை.

புதன் மாலை இரண்டு தாளையும் ஒப்பிட்டாள். நானூற்றுச் சொச்சம் தகட்டில் பத்தொன்பது ஒத்துப்போகவில்லை. பத்தொன்பதும் கிழட்டு மீன்கள், பதினைந்தா பதினாறா என்ற தகராறு. தலையீத்து வயதுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஒத்துப்போகாததை மூன்றாம் தடவை பார்க்க வேண்டும் என்பது சட்டம், கண்ணுக்கு ஓய்வு கொடுத்த பிறகு பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். வியாழன் காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்து, பத்தொன்பதையும் பார்த்து, பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிழை கிடையாது. அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான தாள் எழுதியதில்லை.

மேடம் அறையில் இல்லை. குடா திறப்புக்காக, படகுகள் மீன் இறக்கும் இறங்குதளத்துக்குப் போயிருந்தார். அக்கா தாளை மார்போடு பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தளத்தில் நல்ல கூட்டம், ஆனால் சத்தம் குறைவு. ஆறு வருஷம் கழித்து வந்த முதல் வலைப்பாடு, வலைக்காரர்கள் சிரித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள், பிறகு ஒவ்வொருத்தராகப் பேச்சைக் குறைத்திருக்கிறார்கள். ஈரத் தரையில் திருக்கைகள் வரிசையாகக் கிடந்தன. தண்ணீரை விட்டு இழுத்தால் சூல் திருக்கைக்கு வயிறு நிற்காது, குட்டியை நழுவ விட்டுவிடும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒன்று கிடந்தது. பாதி வளர்ந்தது, கண்ணாடி மாதிரி உடம்பு, இரண்டு சிறகும் சுருட்டிய பாயைப் போல முதுகின்மேல் மடிந்து. கண்கள் மட்டும் திறந்திருந்தன. சில இன்னும் சிறகை விரிக்கப் பார்த்தன.

வெட்டுக்காரி ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் மீன் அறுத்த கை அவளுடையது.

"வந்ததெல்லாம் பொட்டைங்க" என்றாள் அக்காவைப் பார்த்து. "எல்லாம் தலைச்சன். வயித்தைப் பாத்தாலே தெரியும், ஒண்ணுகூட இதுக்கு முன்னாடி பெத்ததில்ல. எனக்குக் கை ஓடலம்மா."

அக்கா குனிந்தாள். அவள் காலடியில் கிடந்த குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. அதற்கு இன்னும் வளையமே விழவில்லை.

மேடம் தூரத்திலிருந்தே கையசைத்தார். நல்ல பெண்மணி, குட்டிகளை இன்னும் கிட்டத்தில் பார்க்கவில்லை. "பாத்தீங்களா எவ்வளவு பெருகியிருக்குன்னு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வெட்டுக்காரி முகத்தையும் தரையையும் பார்த்து நின்றார். அக்கா தாளை நீட்டினாள். இரண்டு வருஷக் கதையையும் நின்ற இடத்திலேயே சொன்னாள், பெட்டி செய்ததையும் தன் கண்ணையும், எதையும் மறைக்காமல். மேடம் கேட்டுக்கொண்டே தாளின் கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

"ஏழா?"

"ஏழும்மா."

"இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கணுமா?"

"ஆமாம்மா."

மேடம் போனில் யாரையோ கூப்பிட்டு உடனே வலைகளை ஏற்றச் சொன்னார். விடிகாலையிலிருந்து அறுபது படகு போய்விட்டது என்று அந்தப் பக்கம் சொல்வது அக்காவுக்கும் கேட்டது. போனை இறக்கிவிட்டு மேடம் அவளைப் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை.

"இது ஏழுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சனிக்கிழமை சாயங்காலம்" என்றாள் எண்ணியக்கா.

"சனிக்கிழமையா? இன்னிக்கு வியாழன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே. ஒரே ஒரு போன்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் கிடந்தது வாயைத் திறப்பதை நிறுத்தியிருந்தது.

"ரெண்டாவது வாசிப்பு அப்ப முடியலம்மா" என்றாள்.